எதிரே இடம் இருக்கிறதா?

சென்னையில் நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்



நான் சிவில் இன்ஜினீயரிங் மாணவர்களுக்குப் போக்குவரத்துப் பொறியியல் பாடம் நடத்தியவன். அந்தப் பாடத்தின் செய்முறை வகுப்பு ஆய்வகத்துக்குள் நடக்காது. காலை எட்டு மணிக்கு ஏதாவதொரு நாற்சந்தியின் ஓரத்தில் போய் நிற்க வேண்டும். ஒரு மாணவன் டூ வீலரை எண்ணுவான், ஒரு மாணவி காரை எண்ணுவாள், இன்னொருவர் பஸ், லாரி, ஆட்டோ என்று பிரித்து எண்ணுவார். பச்சை எத்தனை விநாடி எரிந்தது, அதற்குள் எத்தனை வண்டி கடந்தது என்று தாளில் குச்சி குச்சியாகக் கோடு போட்டுக்கொண்டே வருவார்கள். அப்படி நின்று பார்த்துப் பழகியவர்களுக்கு ஒன்று விளங்கிவிடும். சாலை அடைத்துக்கொள்வதற்கு வண்டிகளின் எண்ணிக்கை மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. அதே சந்திப்பு, ஏறக்குறைய அதே எண்ணிக்கை. ஒரு நாள் ஓடுகிறது, மறுநாள் பூட்டிக்கொள்கிறது. அந்தப் பூட்டு எப்படி விழுகிறது என்பதைத்தான் இன்று முதலில் சொல்லப்போகிறேன்.

வடபழனி சந்திப்பை எடுத்துக்கொள்வோம். மேலே நூறடிச் சாலையின் மேம்பாலம் போகிறது. கீழே ஆற்காடு சாலை குறுக்கே வருகிறது. மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டப் பணிக்காகத் தடுப்புகள் வைத்த பிறகு ஆற்காடு சாலையில் வண்டி ஓட்டுவதற்குக் கிடைத்த அகலம் எவ்வளவு என்பது இங்கே இருக்கிற பலருக்கும் தெரியும். சாலிகிராமம் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்குப் பச்சை விழுகிறது. ஆனால் சந்திப்பைத் தாண்டிக் கோடம்பாக்கம் பக்கம் வண்டிகள் நகராமல் நிற்கின்றன. முதலில் ஒரு கார் நுழைகிறது. நடுச் சந்திப்பில் நின்றுவிடுகிறது. அதன் பின்னால் இன்னொரு கார். இரண்டு காருக்கும் இடையில் நாலைந்து பைக். கடைசியாக ஒரு மாநகரப் பேருந்து வந்து தன் வாலைச் சந்திப்பின் குறுக்கே வைத்தபடி நிற்கிறது. இப்போது சிவப்பு விழுந்துவிட்டது. குறுக்குச் சாலைக்காரருக்குப் பச்சை. அவர் முன்னால் பேருந்து நிற்கிறது. சும்மா இருப்பாரா? பைக்குகள் பேருந்தின் முகப்புக்கு முன்னால் இருக்கும் சந்துக்குள் புகுகின்றன. ஆட்டோ ஒன்று அவற்றைத் தொடர்கிறது. இதற்குள் கோடம்பாக்கம் பக்கம் வழி திறந்துவிட்டது. ஆனால் பேருந்து நகர முடியாது, முன்னால் பைக்குகள். பைக்குகள் நகர முடியாது, அவற்றுக்கு முன்னால் எதிர்ப்பக்கத்து வண்டிகள். நான்கு பக்கமும் ஹாரன். காவலர் வந்து ஒவ்வொரு வண்டியாகப் பின்னால் தள்ளச் சொல்லி, கையால் இழுத்து, அந்த முடிச்சை அவிழ்க்க வேண்டும்.

இதில் சிவப்பை மீறியவர் ஒருவர்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். எல்லோரும் பச்சையில்தான் நுழைந்தார்கள். யாருக்கும் ஃபைன் போட முடியாது என்றுகூட அவர்கள் நினைத்திருப்பார்கள். ஆனால் நுழையும்போது கேட்டிருக்க வேண்டிய கேள்வியை யாருமே கேட்கவில்லை: எதிரே நான் போய் நிற்க இடம் இருக்கிறதா?

இடம் இல்லையென்றால், பச்சை எரிந்தாலும் நிறுத்தக் கோட்டுக்குப் பின்னாலேயே நிற்க வேண்டும். சில சந்திப்புகளில் நடுவே மஞ்சள் கோடுகளைக் குறுக்கும் நெடுக்கும் போட்டு ஒரு பெரிய கட்டம் வரைந்திருப்பார்கள். அழகுக்காக வரைந்தது என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. அந்தக் கட்டத்துக்குள் வண்டியை நிறுத்தக் கூடாது என்பதே அதன் பொருள். பாதசாரிகள் கடக்கும் வெள்ளைக் கோடுகளுக்கும் இதே விதிதான். கோட்டின் மேல் போய் நிற்க நேரும் என்று தெரிந்தால் அதில் ஏறவே கூடாது என்கின்றன 2017-ல் வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள். பஸ்ஸில் இறங்குகிறவர்கள் இறங்கிய பிறகுதான் ஏற வேண்டும் என்று நாம் எல்லோரும் கண்டக்டரிடம் கேட்டு வளர்ந்தவர்கள். நாற்சந்தியும் அப்படி ஒரு வாசல்தான்.

இதனால் எவ்வளவு இழப்பு என்று ஒரு கணக்குப் பார்ப்போம். பச்சை விழுந்ததும் முதல் வண்டி கிளம்பச் சில விநாடி ஆகும். அதற்குப் பிறகு ஒரு தடத்தில் ஏறக்குறைய இரண்டு விநாடிக்கு ஒரு கார் நிறுத்தக் கோட்டைக் கடக்கும். இது புத்தகக் கணக்கு. நம் ஊரில் டூ வீலர்கள் பக்கவாட்டில் நிறைந்து வருவதால் கொஞ்சம் மாறும், ஆனால் அடிப்படை அதுதான். முப்பது விநாடிப் பச்சை என்றால் ஒரு தடத்தில் பதினான்கு கார் போகலாம். குறுக்கே நின்ற பேருந்தின் வால் விலகப் பத்து விநாடி ஆனால் ஐந்து கார் போக முடியாமல் நின்றுவிடும். அந்த ஐந்தும் அடுத்த பச்சைக்குக் காத்திருக்க வேண்டும், அதற்குள் பின்னால் புதிதாக வண்டிகள் வந்து சேர்ந்துகொண்டே இருக்கும். வரிசை நீண்டு போய் முந்தைய சந்திப்பைத் தொட்டுவிட்டால் அங்கேயும் இதே கதை ஆரம்பித்துவிடும். காலை ஒன்பது மணிக்கு ஒருவர் சேமிக்க நினைத்த பத்து விநாடி, பத்து மணிக்கு இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற யாரோ ஒருவரின் அரை மணி நேரமாக ஆகியிருக்கும்.

சந்திப்பே இல்லாத சாலையிலும் நெரிசல் வருகிறதே என்று கேட்பீர்கள். வருகிறது. ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுகியாமாவும் அவரது குழுவினரும் இதை ஒரு சோதனையாகவே செய்து காட்டினார்கள். ஆய்வு 2008-ல் வெளியானது. 230 மீட்டர் சுற்றளவுள்ள ஒரு வட்டப் பாதை. அதில் 22 கார்கள். சிக்னல் இல்லை, பள்ளம் இல்லை, குறுக்கே வருபவர் இல்லை. எல்லோரும் சுமார் 30 கிலோமீட்டர் வேகத்தில், முன்னால் போகிற வண்டியோடு பாதுகாப்பான இடைவெளி வைத்துக்கொண்டு போக வேண்டும் என்று மட்டும் சொன்னார்கள். கொஞ்ச நேரம் சீராக ஓடியது. பிறகு ஒருவர் லேசாக வேகத்தைக் குறைத்தார். பின்னால் வந்தவர் அதைவிடக் கொஞ்சம் அதிகமாகக் குறைத்தார். அவருக்குப் பின்னால் வந்தவர் இன்னும் அதிகமாக. கடைசியில் சில கார்கள் முழுவதுமாக நின்றுவிட்டன. நின்ற இடம் வட்டத்தில் பின்னோக்கி நகர்ந்துகொண்டே போனது. முன்னால் நின்றவர் கிளம்புவார், பின்னால் ஒருவர் வந்து நிற்பார். ஜி.எஸ்.டி. சாலையில் பத்து நிமிடம் ஊர்ந்து போய், திடீரென்று சாலை திறந்துகொள்ளும்போது, "இங்கே ஒண்ணுமே இல்லையே, எதுக்கு நின்னோம்?" என்று நாம் கேட்கிறோமே, அதற்கு விடை அந்த வட்டத்தில் இருக்கிறது.

முன்வண்டியின் பம்பரை ஒட்டிக்கொண்டு போகிறவர், முன்னால் இருப்பவர் பிரேக்கைத் தொடும்போதெல்லாம் தானும் அழுத்தி மிதித்தே ஆக வேண்டும். கொஞ்சம் இடைவெளி விட்டுப் போகிறவர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே போதும். அந்த அதிர்ச்சி அவரோடு நின்றுவிடும், பின்னால் போகாது. இதைச் சொல்லும்போது ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது எழுந்து, "சார், இடம் விட்டா இன்னொருத்தன் பூந்துடுவானே?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆமாம், புகுந்துவிடுவான். அதனால் உங்களுக்கு நஷ்டம் இரண்டு விநாடி. வீடு போய்ச் சேருவதற்குள் பத்துப் பேர் புகுந்தாலும் இருபது விநாடிதான். அதற்குமேல் நஷ்டமாகத் தோன்றுவதெல்லாம் மனக்கசப்புதானே தவிர நேரம் இல்லை. அந்தக் கசப்பை நகரத்தில் வண்டி ஓட்டுகிறவர் விழுங்கப் பழகியே ஆக வேண்டும். வேறு வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

மஞ்சள் விளக்குக்கு வருகிறேன். நம் ஊரில் மஞ்சள் எரிந்தால் முறுக்கு என்று அர்த்தமாகிவிட்டது. விதிப்படி மஞ்சள் என்றால் நில் என்றுதான் பொருள். பாதுகாப்பாக நிறுத்த முடியாத அளவுக்குக் கோட்டின் அருகே வந்துவிட்டவர் மட்டும் தாண்டிப் போகலாம். மஞ்சளுக்கு ஏன் மூன்று விநாடி? 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி விநாடிக்கு 14 மீட்டர் நகரும். விளக்கு மாறியதைக் கண் பார்த்து, கால் பிரேக்குக்குப் போக ஒரு விநாடி, அதற்குள் 14 மீட்டர் போய்விட்டது. பிறகு யாரும் முன்னால் சாயாதபடி நிதானமாக நிறுத்த முப்பது மீட்டருக்குச் சற்று மேல் வேண்டும். ஆக 45 மீட்டர். அந்த 45 மீட்டரை அதே வேகத்தில் கடக்க மூன்று விநாடிக்குக் கொஞ்சம் மேலே ஆகும். அதாவது, நிறுத்த முடிந்தவர் நிற்கவும் முடியாதவர் கடக்கவும் கணக்குப் போட்டு வைத்த நேரம் அது. நூறு மீட்டருக்கு அப்பாலிருந்து மஞ்சளைப் பார்த்து முறுக்குகிறவர் சந்திப்பின் நடுவுக்கு வரும்போது சிவப்பு விழுந்து சில விநாடி ஆகியிருக்கும். அதே நேரத்தில் எதிர்ப்பக்கத்தில் இறங்கு எண் மூன்று, இரண்டு என்று குறைவதைப் பார்த்துக்கொண்டு இன்னொருவர் பூஜ்யம் வருவதற்கு முன்பே கிளம்பியிருப்பார். இரண்டு பேரும் சந்திக்கிற இடத்தில்தான் சாலையில் சுண்ணாம்புக் கோடு போட்டு அளவெடுக்கிறார்கள்.

நிறுத்தக் கோட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. டூ வீலர்கள் இடுக்கு வழியாக முன்னால் வந்து, கோட்டைத் தாண்டி, பாதசாரிக் கடவையையும் தாண்டி நிற்பதை நாள்தோறும் பார்க்கிறோம். அவ்வளவு முன்னால் போனவருக்கு அவருடைய சிக்னல் கம்பம் முதுகுக்குப் பின்னால் போயிருக்கும். பின்னால் ஹாரன் அடித்தால் பச்சை விழுந்துவிட்டது என்று அவர் கிளம்புவார். ஹாரன் அடித்தவர் பொறுமை இழந்து அடித்திருந்தால்?

இனி நடந்து போகிறவர்களைப் பற்றிப் பேச வேண்டும். இந்த உரையில் எனக்கு மிகவும் முக்கியமான பகுதி இதுதான்.

கோயம்பேடு மார்க்கெட் பக்கம் நூறடிச் சாலையைக் கடக்கிறவர்களை நின்று பாருங்கள். இடுப்பில் பூக்கூடையோடு ஒரு அம்மா வருகிறார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். வலது முழங்கால் மடங்கவில்லை என்பது நடையிலேயே தெரிகிறது. சாலை ஓரத்தில் நின்று, வருகிற வண்டிகளை நோக்கி உள்ளங்கையை நீட்டிக் காட்டுகிறார். சென்னையில் சாலையைக் கடக்க நமக்குத் தெரிந்த ஒரே சிக்னல் அந்தக் கைதான். முதல் கார் வேகத்தைக் குறைக்கிறது. அதைப் பார்த்து அவர் இறங்கி நடக்கிறார். ஆனால் கார் ஏன் நின்றது என்று அதன் வலப்பக்கமாக வருகிற பைக்குக்குத் தெரியாது, கார் அவரை மறைத்துவிட்டது. பைக் அவருடைய கூடையை உரசினாற்போல் முன்னால் போகிறது. அடுத்தது பின்னால் போகிறது. அவர் இரண்டு தடங்களுக்கு நடுவில், வண்டிகள் இரு பக்கமும் போக, கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு அசையாமல் நிற்கிறார். எந்தப் பக்கம் அசைந்தாலும் ஆபத்து என்பது அவருக்குத் தெரியும். ஓட்டுகிற நாம்தான் இதைத் தெரிந்துகொள்ளவில்லை: முன்னால் ஒரு வண்டி காரணமில்லாமல் நின்றால், அதன் மறைவில் ஒரு மனிதர் கடந்துகொண்டிருக்கிறார் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். நாமும் நிற்க வேண்டும். சுற்றிக்கொண்டு போகக் கூடாது.

ஆறு தடச் சாலை ஒன்றின் அகலம் 21 மீட்டர். பாதசாரிக்கான பச்சை நேரத்தைக் கணக்கிடும்போது விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று வைத்துக்கொள்வது வழக்கம். 18 விநாடி போதும் என்று வரும். அந்த அம்மா விநாடிக்கு 0.8 மீட்டர் நடப்பார் என்று வையுங்கள். அவருக்கு 26 விநாடி வேண்டும். பதினெட்டாவது விநாடியில் அவருக்கு இன்னும் ஏறக்குறைய இரண்டு தடம் பாக்கி இருக்கும், வண்டிகளுக்குப் பச்சை விழுந்திருக்கும். சிக்னலை அமைக்கிறவர்கள் கல்லூரி மாணவனின் நடையை அளவாக வைக்காமல் இந்த அம்மாவின் நடையை அளவாக வைக்க வேண்டும் என்று நான் வகுப்பில் ஒவ்வொரு ஆண்டும் சொல்வேன். இங்கேயும் சொல்கிறேன்.

நடைமேம்பாலம் கட்டினால் போதுமே என்பார்கள். படியேற முடியாத முழங்காலுக்கு நடைமேம்பாலம் ஒரு சுவர். தரையில் கடக்க முடியாத ரயில்பாதை, விரைவுச் சாலை போன்ற இடங்களில் அது வேண்டும்தான். நகரத்துக்குள் மனிதர் தரையிலேயே கடக்க வேண்டும், வண்டிதான் நிற்க வேண்டும். நடைபாதையில் குறைந்தது 1.8 மீட்டர் தடையில்லாத அகலம் வேண்டும் என்று இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. சென்னை மாநகராட்சி 2014-லேயே நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை ஏற்றுக்கொண்டது. இந்திய நகரங்களில் அதுவே முதல் முறை. 2019-ல் தியாகராய நகரின் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வந்தது. அங்கே மாலை நேரத்தில் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு தாய்மார்கள் நடப்பதைப் பார்க்கும்போது, இது நம் ஊரில் முடியாத காரியம் அல்ல என்பது தெரிகிறது. அந்த வசதி தியாகராய நகரோடு நின்றுவிடாமல் வியாசர்பாடிக்கும் வளசரவாக்கத்துக்கும் வர வேண்டும். நடைபாதையில் மின்மாற்றிப் பெட்டியும், கடை விளம்பரப் பலகையும், நிறுத்திய பைக்குகளும் இருந்தால் மனிதர் சாலையில்தான் இறங்குவார். இறங்கிய பிறகு அவர் மேல் குற்றம் சொல்லக் கூடாது.

2022-ம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கணக்குச் சொன்னது. அவர்களில் ஐந்தில் ஒருவர் நடந்து போனவர். அந்த ஆண்டில் மாநிலங்களிலேயே அதிக விபத்துகள் பதிவானது தமிழ்நாட்டில்தான்: 64,105. இறந்தவர்கள் 17,884 பேர். நாட்டு அளவில் இறப்புகளில் பத்தில் ஏழுக்கு அதிவேகம் காரணம் என்று பதிவாகியிருக்கிறது. நாடு முழுவதும் ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் மட்டும் 50,000 பேருக்கு மேல். ஹெல்மெட் அணிந்தால் இறப்பு அபாயம் 42 சதவீதமும் தலைக்காய அபாயம் 69 சதவீதமும் குறைகிறது என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள். சட்டப்படி நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும், பின்னால் உட்காருகிறவருக்கும் சேர்த்துத்தான், ஹெல்மெட் கட்டாயம். அப்பா ஹெல்மெட் போட்டிருப்பார், முன்னால் நிற்கிற பிள்ளையும் பின்னால் உட்கார்ந்த அம்மாவும் வெறுந்தலையோடு போவார்கள். பள்ளிக்கூட வாசலில் காலையில் இதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு பதறுகிறது. ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு போவதைப் பற்றியும், பட்டையைப் பூட்டாமல் போவதைப் பற்றியும் இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

வேகம் என்றதும் பலருக்கும் நெடுஞ்சாலைதான் நினைவுக்கு வரும். ஆனால் நகரத்துக்குள்ளும் வேக வரம்பு உண்டு. 2023 நவம்பரில் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை அதை மாற்றி அமைத்தது. காருக்கு 60 கிலோமீட்டர், டூ வீலருக்கும் கனரக வாகனங்களுக்கும் 50, ஆட்டோவுக்கு 40. குடியிருப்புப் பகுதிகளில் எல்லா வண்டிக்கும் 30. இந்த 30-ஐத்தான் நாம் மதிப்பதே இல்லை. 30-ல் மோதுவதற்கும் 50-ல் மோதுவதற்கும் உள்ள வித்தியாசம் 20 இல்லை. மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 50-ல் அது 30-ல் இருப்பதைப் போல ஏறக்குறைய இரண்டே முக்கால் மடங்கு. தெருவில் பந்தின் பின்னால் ஓடிவருகிற குழந்தைக்கு அந்த மடங்குதான் உயிர். இதில் மிச்சமாகும் நேரம் எவ்வளவு? ஒரு கிலோமீட்டர் தெருவை 50-ல் போனால் 72 விநாடி, 30-ல் போனால் 120 விநாடி. 48 விநாடி.

பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் வண்டிகளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நிறுத்தத்தை ஒட்டி ஷேர் ஆட்டோவும் வாடகைக் காரும் நிற்கின்றன. பேருந்து ஓரத்துக்கு வர வழியில்லாமல் இரண்டாவது தடத்தில் நிற்கிறது. பயணிகள் சாலையில் இறங்கி ஓடிப் போய் ஏறுகிறார்கள். ஏறும்போது இடப்பக்கமாக, பேருந்துக்கும் நடைபாதைக்கும் நடுவில், ஒரு பைக் சீறிக்கொண்டு போகிறது. மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் பேருந்துகள் 3,000-க்கு மேல் ஓடுகின்றன. 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. வேலைக்குப் போகிற பெண்களும் முதியவர்களும் நம்பி இருப்பது அந்தப் பேருந்தைத்தான். அறுபது பேர் வருகிற பேருந்து சாலையில் எடுத்துக்கொள்ளும் இடம் மூன்று காருக்கு உரிய இடம்தான். அந்த மூன்று காரில் காருக்கு ஒருவராக மூன்று பேர் போய்க்கொண்டிருப்பார்கள். நிறுத்தத்திலிருந்து இண்டிகேட்டர் போட்டுக் கிளம்புகிற பேருந்துக்கு வழிவிடுங்கள். இந்த நகரத்தின் நெரிசல் குறைய வேண்டுமானால் முதல் மரியாதை பேருந்துக்குத்தான் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எதிர்த்திசையில் ஓட்டுவதைக் கண்டிக்கிறேன். ஆனால் கண்டிப்பதோடு விட்டுவிடக் கூடாது. மீடியனை மூடி, யூ-டர்னை ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி வைத்தால், எதிர்ப்பக்கத்துப் பெட்ரோல் பங்குக்குப் போக வேண்டியவர் நூறு மீட்டர் ராங் சைடில் போகத்தான் ஆசைப்படுவார். அவர் செய்வது தவறு. எதிரே வருகிறவர் அந்தத் திசையிலிருந்து ஒரு வண்டியை எதிர்பார்க்கவே மாட்டார், கடக்கிற பாதசாரியும் எதிர்பார்க்க மாட்டார். அதே நேரத்தில், மனிதர்கள் எங்கே போக வேண்டியிருக்கிறது என்று யோசிக்காமல் தடுப்பு வைத்தவர்களும் அந்தத் தவறில் பங்காளிகள். ஓ.எம்.ஆரில் இந்திரா நகர் சந்திப்பில் 2023-ல் திறந்த யூ வடிவ மேம்பாலம் போல, திரும்புவதற்கு வழி செய்து கொடுத்த பிறகு போடும் அபராதத்துக்கு நியாயம் இருக்கிறது. கோடு அழிந்துபோன சாலையில் கோட்டைத் தாண்டினாய் என்று பிடிப்பதில் இல்லை.

தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் அபராதங்கள் உயர்ந்தன. ஹெல்மெட் இல்லாவிட்டால் 1,000 ரூபாய், ஆம்புலன்ஸுக்கு வழிவிடாவிட்டால் 10,000 ரூபாய். அபராதம் வேண்டும்தான். ஆனால் நம் லைசென்ஸ் முறையையும் பாருங்கள். டூ வீலரில் காலை ஊன்றாமல் எட்டு போட்டால் லைசென்ஸ். நெரிசலான சந்திப்பில் எப்படி நடந்துகொள்வார் என்று யாரும் பார்ப்பதில்லை. எட்டு போடத் தெரிந்தவர் அடுத்த நாளே அண்ணா சாலையில் ஓட்டுகிறார். சோதனையைச் சாலைக்குக் கொண்டுவர வேண்டும். பதினெட்டு வயது ஆகாத பிள்ளையிடம் சாவியைக் கொடுக்கும் பெற்றோருக்கும் சொல்கிறேன்: மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு, பிள்ளை அந்தச் சட்டத்தின்கீழ் குற்றம் செய்தால் உங்களுக்கு மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்து. பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. "டியூஷனுக்குத்தானே போறான்" என்பது நீதிமன்றத்தில் செல்லாது.

கடைசியாக, விபத்தைப் பார்த்துவிட்டு நிற்கத் தயங்குகிறவர்களுக்கு. போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டிவரும் என்ற பயம் இன்னும் பலருக்கு இருக்கிறது. அடிபட்டவருக்கு உதவுகிறவரைத் துன்புறுத்தக் கூடாது என்ற நெறிமுறைகளை 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. 2019-ல் அது மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ பிரிவாக வந்துவிட்டது. உங்கள் பெயரைச் சொல்லும்படி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் சேர்த்து, இலவசம். அவர் எந்த மாநிலத்தவர், எந்த நாட்டவர் என்று கேட்பதில்லை. 108-ஐக் கூப்பிடுங்கள். ரத்தம் கொட்டுகிற இடத்தில் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். கழுத்தில் அடிபட்டிருக்கலாம் என்று தோன்றினால் ஆட்டோவில் மடக்கி ஏற்றாதீர்கள்.

உங்களிடம் நான் கேட்பது இரண்டு. நாளைக் காலையிலிருந்து, பச்சை விழுந்தாலும் எதிரே இடம் இருந்தால் மட்டும் நுழையுங்கள். பின்னால் எவ்வளவு ஹாரன் அடித்தாலும் கோட்டுக்குப் பின்னாலேயே நில்லுங்கள். இன்னொன்று, உங்கள் வீட்டுக்குப் பக்கத்துச் சந்திப்பை ஒருமுறை நடந்து போய்ப் பாருங்கள். நிறுத்தக் கோடு அழிந்திருந்தாலோ, பாதசாரிக் கடவை இல்லாவிட்டாலோ, நடைபாதை அடைபட்டிருந்தாலோ, மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் பதிவு செய்யுங்கள். பதிவு எண்ணைக் குறித்து வையுங்கள். வேலை முடியவில்லையென்றால் வார்டு உறுப்பினரிடம் அந்த எண்ணோடு மனுவாகக் கொடுங்கள். வாசகர் வட்டத்தின் பெயரில் சேர்ந்து கொடுத்தால் இன்னும் நல்லது.